செல்லப் பாம்பை வெளியே விடுவது: அறையா, கூடாரமா, புல்வெளியா?

சூடு, தண்ணீர், அவ்வப்போது ஓர் எலி, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, இவ்வளவு இருந்தால் பாம்புக்குப் போதும் என்றுதான் வளர்ப்பவர்கள் நெடுநாள் நம்பினார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் கார்ன் ஸ்நேக்குகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. வெறுமையான கூண்டு, ஏறவும் நுழையவும் மறையவும் பொருள்கள் வைத்த கூண்டு, இரண்டில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டபோது, பாம்புகள் பொருள்கள் நிறைந்த இடத்தையே நாடின. பாம்புக்கும் துழாவிப் பார்க்கும் ஆர்வம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே விட வேண்டும் என்றால் எங்கே, எப்படி என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சாரை, நாகம், மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைதான் போல, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப் பிராணியாக வைத்திருக்க முடியாது. நான் எழுதுவது பிரிட்டனில் மிகச் சாதாரணமாக வளர்க்கப்படும் இரண்டு விஷமற்ற இனங்களைப் பற்றி: அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த கார்ன் ஸ்நேக், மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைதான். பால் பைதானை பிரிட்டனில் ராயல் பைதான் என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது. கார்ன் ஸ்நேக் ஒல்லி, வேகமானது, ஏறப் பிடிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கி வைக்கும் கூண்டின் குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருந்தாலே அதற்குப் போதும் என்பதால், சாதாரண அறைச் சூட்டில் அரை மணி நேரம் திரிந்தால் ஒன்றும் ஆகாது. பால் பைதான் தடித்தது, நிதானமானது, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் குளிர்ந்த பக்கமே 25, 26 டிகிரி இருக்க வேண்டும். பிரிட்டனின் குளிர்காலத்தில் 18 டிகிரி அறையில் அதை நீண்ட நேரம் விடுவது உடம்புக்கு ஆகாது. அடிக்கடி குளிர்ந்தால் செரிமானம் கெடும், நுரையீரலில் தொற்று வரும்.

முதலில் அறை. பலர் விரும்பும் வழி இது, ஏன் என்றும் புரிகிறது. ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள பாம்பு சுவர் ஓரமாக உடம்பை முழுக்க நீட்டிப் போவதைச் சின்னக் கூண்டில் பார்க்கவே முடியாது. நாக்கை நிதானமாக நீட்டி, ஒவ்வொரு மூலையாக முகர்ந்து, புத்தக அலமாரியில் ஏறி, திரும்பி வந்து மறுபடி முகரும். உண்மையான அலைதல் என்றால் அதுதான்.

ஆனால் அறை முழுக்க ஓட்டை. தலை நுழைகிற சந்தில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குழாய் தரைக்குள் இறங்கும் துளை, தரை ஓரப் பலகையின் இடுக்கு, ஃப்ரிட்ஜின் பின்புறம், கதவின் அடி, எல்லாமே பாம்புக்கு வாசல்தான். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட மோசமானது சோபா. அடித்துணியில் ஒரு கிழிசல் போதும், உள்ளே போய்விடும். சாய்ந்து நீளும் வகை நாற்காலி என்றால் அதன் இரும்புக் கைகளில் நசுங்கவும் வாய்ப்புண்டு. இடுக்கை அடைக்க ஒட்டும் டேப்பைப் பயன்படுத்தாதீர்கள், செதிலோடு ஒட்டிக்கொண்டு தோலைக் கிழித்துவிடும். சுருட்டிய துண்டு, நுரைப்பட்டை, சிமெண்டுப் பூச்சு, இவை போதும். அப்புறம், போனைப் பார்த்துக்கொண்டே பாம்பைப் பார்த்துக்கொள்ள முடியாது. அறையில் விட்டால் முழு நேரமும் கண் அதன் மேல் இருக்க வேண்டும்.

தப்பிவிட்டால்? கதவுகளைச் சாத்தி, சுவர் ஓரங்களிலும் சூடான இடங்களிலும் தேடுங்கள். தரையில் மெல்லிசாக மாவு தூவி வைத்தால் இரவில் எந்தப் பக்கம் போனது என்று தடம் காட்டும். சலசலக்கும் பிளாஸ்டிக் பைகளைச் சுவரோரம் போட்டு வைத்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

குளியல் தொட்டியைச் சிலர் பாதுகாப்பான இடம் என்று பரிந்துரைக்கிறார்கள். வழவழப்பான சுவர், தப்ப முடியாது, சரி. ஆனால் பாம்பு நகர்வதே சொரசொரப்பான ஏதாவதொன்றைத் தள்ளி முன்னேறித்தான். தொட்டியில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும். அடிப்பகுதி குளிர், சோப்பின் மிச்சம் வேறு. கூடவே பாம்பின் உடம்பிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், நாம் குளிக்கிற இடத்தில் அது வேண்டாம். சமையலறைக்கும் இதே விதி.

புல்வெளியின் ஆதரவாளர்கள் வெயிலையும் புது வாசனைகளையும் சொல்வார்கள். ஜூலையில் நல்ல வெயில் நாளில் கார்ன் ஸ்நேக் புல்லில் ஊர்வது அழகுதான். எனக்கு அது பயமாகவே இருக்கிறது. காகம், பக்கத்து வீட்டுப் பூனை, பூச்சிமருந்து அடித்த செடி, இதெல்லாம் ஒரு பக்கம். நீள்புல்லில் கார்ன் ஸ்நேக் காணாமல் போகச் சில நொடிகள் போதும். அந்த மண்ணுக்கு உரியதல்லாத விலங்கைக் காட்டில் விடுவதும் தப்ப விடுவதும் பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குக் காரணமும் இருக்கிறது. வேல்ஸின் கோல்வின் பேயில் 1970-களில் விலங்குக் காட்சிசாலையிலிருந்து தப்பிய ஈஸ்குலேப்பியன் பாம்புகள் இன்றும் அங்கே இனம் பெருக்கி வாழ்கின்றன. அவை பெரிய கேடு செய்ததாகத் தெரியவில்லை. ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவின் கதை வேறு. செல்லப் பிராணியாக விற்கப்பட்ட கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் அங்கே காட்டில் பரவி, உலகில் வேறெங்கும் இல்லாத அந்தத் தீவின் பல்லி இனங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. வெயில் காட்டத்தான் வேண்டும் என்றால் மூடிய வலைக்கூண்டில், பாதி நிழலோடு. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்கவே கூடாது, சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும்.

கையில், தோளில் போட்டுக்கொள்வதைப் பலர் இதற்கு மாற்றாக நினைக்கிறார்கள். பால் பைதானுக்கு நம் உடம்புச் சூடு இதமாக இருக்கும், அது உண்மை. ஆனால் எப்போது எடுப்பது, எப்போது திரும்ப விடுவது எல்லாம் நம் முடிவு. பாம்பு அங்கே எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

கூடாரம்தான் நான் பெரும்பாலோருக்குச் சொல்வது. பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும், மடக்கி விரிக்கிற வலைக்கூடாரம் போதும். அட்டைப்பெட்டிகள், மரக்கிளை, கசக்கிய காகிதம், காய்ந்த இலைகள் எல்லாம் உள்ளே போடலாம். பாம்பின் சொந்தப் பொந்தையே எடுத்து ஒரு மூலையில் வைத்தால், தன் வாசனை இருக்கும் இடம் என்று சீக்கிரம் பயம் தெளியும். ஜிப்பின் இரண்டு முனைகளையும் ஒரு கொக்கியால் பிணையுங்கள். கார்ன் ஸ்நேக் மூக்கால் முட்டி ஜிப்பைத் திறந்துவிடும். வலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், எடுத்துவிடுங்கள். கூடாரத்தைச் சூடான அறையில் விரிக்கலாம் என்பது பால் பைதானுக்குப் பெரிய வசதி.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகலாம். கூண்டின் முன்கதவைத் திறந்து, வாசலிலிருந்து கூடாரத்துக்குள் ஒரு தடித்த கிளையைப் பாலம் போல வைத்து, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் துணியால் மூடிவிட்டு, பாம்பைத் தொடாமல் காத்திருப்பது. வந்தால் வரட்டும், திரும்பிப் போனால் போகட்டும். பால் பைதான் இரவு விலங்கு என்பதால் விளக்கைக் குறைத்த பிறகு முயல்வது நல்லது. பல இரவுகளில் தலையை மட்டும் நீட்டி, நாக்கை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடும். அந்த எட்டிப் பார்த்தலையும் நான் ஒரு வெளியூர்ப் பயணமாகவே மதிக்கிறேன். கதவு திறந்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டின் உணரி குளிர்ந்துபோய் ஹீட்டரை அதிகமாக எரியவைக்கும், அதை மட்டும் கவனியுங்கள். மேல்மூடி வகைத் தொட்டியில் இந்த வழி சிரமம்.

ஆக, அறையை நன்றாக அடைக்க முடிந்தவர்கள் கார்ன் ஸ்நேக்கை அங்கே விடலாம். பால் பைதானுக்குப் பாலமும் கூடாரமும். எந்த இனமானாலும் இரை தின்று 48 மணி நேரம் ஆகும் வரை வேண்டாம். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பாய்ந்து பார்வை மங்கியிருக்கும் நாள்களிலும் வேண்டாம். கழுத்தை எஸ் வடிவில் மடக்கினாலோ, சீறினாலோ, அப்படியே உறைந்துவிட்டாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

உங்கள் கூண்டு பாம்பு உடம்பை நேராக நீட்ட முடியாத அளவுக்குச் சிறியது என்றால், கூடாரம் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தைப் பெரிய கூண்டுக்குச் சேர்த்து வையுங்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் பாம்பு வெளியே இருக்கும், மற்ற நேரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.