112 கேள்விகளும் ஒரு பேனாவும்: பாத்திரங்களோடு ஒன்பது வருடம்

ஒன்பது வருடத்தில் மூன்று நாவல்களில் கை வைத்திருக்கிறேன். முதலாவது அச்சில் வந்தது. இரண்டாவது மேசை இழுப்பறையில் கிடக்கிறது, அங்கேயே கிடப்பதுதான் அதற்கும் எனக்கும் நல்லது. மூன்றாவது இப்போதுதான் ஆறாம் அத்தியாயத்தைத் தாண்டியிருக்கிறது. பாத்திரங்களை உருவாக்க நான் கையாண்ட முறைகளில் எது இத்தனை நாள் தாங்கியது, எது பாதியில் கழன்றது என்று எழுதிவைக்கத் தோன்றியது. முதல் மாதத்தில் கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன்.

ஆரம்பம் கேள்விப் பட்டியல். நாவல் எழுதப்போகிறேன் என்று சொல்கிற எல்லோர் கையிலும் எப்படியோ வந்து சேருமே, அதேதான். எனக்கு வந்ததில் 112 கேள்விகள். பிடித்த நிறம், முதல் காதல், யாரிடமும் சொல்லாத ரகசியம், வீடு தீப்பிடித்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவார் என்று போகும். என் முதல் நாவலின் நாயகி கோமதி, இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். அவளுக்காக 31 பக்கம் நிரப்பினேன். அந்த மூன்று வாரமும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஒரு வரிகூட எழுதாமலேயே நாவல் எழுதிக்கொண்டிருக்கிற நிம்மதி வேறெதில் கிடைக்கும்?

இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் 19ஆம் நூற்றாண்டின் பொழுதுபோக்கு விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஓர் ஆல்பத்தில் கேள்விகள் இருக்கும், நண்பர்கள் பதில் எழுதித் தருவார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் பதின்ம வயதில் எழுதிக்கொடுத்த பதில்கள் பிற்பாடு வெளியே வந்ததால் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. கேள்விகள் அவருடையவை அல்ல. இதைப் படித்தபோதுதான் என் சிக்கல் எனக்குப் பிடிபட்டது. ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் ஆளிடம் கேட்பதற்கான கேள்விகள் அவை. பையன் ப்ரூஸ்டுக்குப் பதில் சொல்ல ஒரு வாழ்க்கை இருந்தது. கோமதிக்கு? அன்றைக்கு என் மனதில் முதலில் வந்து விழுந்ததெல்லாம் அவள் பதிலாகிவிட்டது. நீலம் பிடிக்கும். உயரம் பயம். பன்னிரண்டு வயதில் அப்பா இறந்துபோனார்.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எழுதிவைத்த குறிப்பு சும்மா இருக்க விடாது. உயரம் பயம் என்று எழுதிவிட்டேனே என்பதற்காகவே அவளை ஐந்தாவது மாடிக்கு ஏற்றிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். கதைக்கு அந்த மாடி எதற்கும் உதவவில்லை. அப்பாவின் மரணம் இரண்டாம் அத்தியாயத்தில் மூன்று பக்கத்துக்கு ஓடியது. முதல் வரைவைப் படித்த நண்பர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கோமதி யாருன்னு நல்லா தெரியுது. ஆனா அவ அடுத்து என்ன செய்வான்னு எனக்கு அக்கறையே வரல."

அதே நண்பர் போகிறபோக்கில் ஒன்று கேட்டார்: "ஆமா, இவ ஏன் எல்லார் பேனாவையும் எடுத்து வச்சுக்கறா?"

எனக்குத் தெரியவில்லை. பிரதியைப் புரட்டிப் பார்த்தேன். நான்காம் அத்தியாயத்தில், காலையில் பணி மாற்றிக்கொடுக்கிற நேரம், நோயாளியின் மகனிடமிருந்து பேனா வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். பேசிக்கொண்டே மூடியைப் போட்டுத் தன் சட்டைப் பையில் செருகிக்கொள்கிறாள். உரையாடல் நீளமாகப் போனதால் கைக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் அதை எழுதியிருந்தேன். ஆறாம் அத்தியாயத்தில் டாக்டருடைய பேனா. ஒன்பதில் தங்கை வீட்டுப் பென்சில். 112 பதில்களில் எதிலும் இது இல்லை.

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிரதியை மறுபடி படித்தபோது தெரிந்தது, கோமதி நாவல் முழுக்க யாரிடமும் எதையும் கேட்பதே இல்லை. விடுப்பு கேட்பதில்லை, தங்கைக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதில்லை. கேட்க முடியாதவள் சின்னச் சின்னதாக எடுத்துக்கொள்கிறாள். சரி, அப்படியானால் அவள் வாயைத் திறந்து கேட்டே ஆகவேண்டிய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நோக்கி இரண்டாம் வரைவு தானாக நகர்ந்தது. மாடி போய்விட்டது. அப்பாவின் மரணம் ஒரு வாக்கியமாகச் சுருங்கியது.

அதற்குப் பிறகு குறிப்பு எடுப்பதைக் காட்சிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஒரு காட்சி முடிந்ததும் நோட்டில் மூன்று பத்தி: என்ன செய்தாள், எதைச் சொல்லாமல் விட்டாள், ஏன். முதல் இரண்டையும் உடனே எழுதிவிட வேண்டும். மூன்றாவதை அவசரப்பட்டு நிரப்பக்கூடாது. காட்சிக்குப் பத்து நிமிடம் ஆகும். கேட்கச் சின்ன வேலைதான். எழுதி முடித்த களைப்பில் அந்தப் பத்து நிமிடம் மலையாகத் தெரியும், பல நாள் ஏமாற்றியிருக்கிறேன். இரண்டாம் நாவலில் பாதியோடு நிறுத்திவிட்டேன். அது இழுப்பறைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், முழுக் காரணம் நான்தான்.

கேள்விப் பட்டியலை அடியோடு தூக்கிப் போடவும் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணாடி இல்லாமல் கடிதம் படிப்பவர் பதினொன்றில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நிற்பார், இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன். பிறந்த வருடம், தழும்பு, எந்தக் கைப் பழக்கம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று எட்டுக் கேள்வி மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன். அது ஞாபகத்துக்கு. உயிர் கொடுக்க அதைக் கேட்டால் கொடுக்காது.

ஆளுமை வகைகள் இரண்டு மாதம். கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கிய, ஆட்களின் குணத்தை 16 வகையாகப் பிரிக்கும் அந்த முறைதான். இசபெல் துப்பறியும் நாவல்களும் எழுதியவர் என்று தெரிந்தபோது நம்பிக்கை கூடியது. ஆனால் நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்றால், 'இந்த வகை ஆள் இப்படிச் செய்யமாட்டார்' என்று நல்ல காட்சிகளை வெட்டினேன். விட்டுவிட்டேன்.

ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவல் பற்றி ஆற்றிய உரைகளில் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று பிரித்தார். ஒரே குணத்தில் அடங்கிவிட்டால் தட்டை, நம்பும்படியாக நம்மை வியக்கவைக்க முடிந்தால் அது உருண்டை. அவர் தட்டைப் பாத்திரங்களுக்கும் பரிந்து பேசியிருக்கிறார் என்பதைக் கவனிக்காமல் எல்லோரையும் உருண்டையாக்கப் புறப்பட்டேன். வாசல் காவலாளிக்கு நான்கு பக்க வரலாறு! அவர் கதவைத் திறந்தால் போதும் என்று எடிட்டர் சொல்லித்தான் உறைத்தது.

இன்றைக்கும் கைவிடாமல் வைத்திருப்பது தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல். கல்லூரியில் மனப்பாடம் செய்து மறந்தது. நாவல் எழுதும்போது உதவும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது எதனால் பிறக்கிறது என்பது, ஆக 32. 'அவள் அழுதாள்' என்று எழுதிய உடனே நான் அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். அழுகைக்கு அங்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு. யாரோ இழிவாகப் பேசியதற்கா, எதையோ இழந்ததற்கா, இருந்த நிலை குலைந்ததற்கா, இல்லாமைக்கா?

கோமதி வார்டிலிருந்து அலுவலக மேசைக்கு மாற்றப்படும் காட்சி ஒன்று உண்டு. இழப்பு என்று எண்ணி, நோயாளிகளை நினைத்து அவள் அழுவதாக எழுதியிருந்தேன். ஒட்டவே இல்லை. அசைவு என்று மாற்றிப் பார்த்தேன். நிலை குலைந்தவள் யாரையும் நினைத்து அழமாட்டாள். இரவு முழுக்க நின்றே பழகிய கால்களோடு நாற்காலியில் உட்காரத் தெரியாமல் இரண்டு முறை எழுந்திருப்பாள், கண் அப்புறம்தான் கலங்கும். மெய்ப்பாடு என்றாலே உடம்பில் தெரிவது என்பதால், அழுகைக்கு முன்பு உடம்பு என்ன செய்தது என்று பார்க்கிற பழக்கம் அந்தக் காட்சியிலிருந்து வந்தது. 32 கட்டங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடாதுதான். குற்ற உணர்ச்சியை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தகராறு.

இப்போது எழுதுகிற நாவலில் அச்சகத்தில் பிழை திருத்தும் ஒரு பெரியவர். போன வாரம் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக் கொண்டிருந்தார். மணமகள் பெயரில் ஓர் எழுத்து தப்பு. பார்த்துவிட்டார், பேனா முனையை அதன்மேல் வைத்தார், பிறகு திருத்தாமல் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நான் அப்படித் திட்டமிடவில்லை. நோட்டில் முதல் இரண்டு பத்தியும் எழுதியாகிவிட்டது. மூன்றாவது காலியாக இருக்கிறது. ஏழாம் அத்தியாயம் தொடங்கிவிட்டேன்.