சாப்பாட்டு ஜெப அட்டைகள்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், ஆமென்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் மகனின் கை குழம்புக் கிண்ணத்துக்குப் போய்விடும். அது என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்ததால், மார்ச் மாதத்தில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் கண்ட ஜெப அட்டைப் பெட்டியை 280 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 52 அட்டைகளும், அவற்றை நிறுத்திவைக்கச் சிறிய மரத்தாங்கி ஒன்றும் அதில் உள்ளன. அட்டையின் முன்பக்கம் ஒரு வேதவசனம். பின்பக்கம் ஒரு குறுஞ்ஜெபமும் குடும்பமாகப் பேசுவதற்கு ஒரு கேள்வியும்.

வசனங்களைத் தேர்ந்தவர் வேதத்தை நன்றாக அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. முதல் அட்டையில் 145ஆம் சங்கீதம்: "எல்லா ஜீவன்களின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது, ஏற்றவேளையிலே நீர் அவைகளுக்கு ஆகாரங்கொடுக்கிறீர்." 1529இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தமது சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடைப் போதனை நூலில், பிள்ளைகள் சாப்பாட்டு மேசைக்கு முன் கைகூப்பிச் சொல்லும்படி கொடுத்த வசனம் இதுவே. பொறையாறில் லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்த என் மாமியார், அட்டையை என் மகள் பாதி வாசிக்கும்போதே மீதியைப் பார்க்காமல் சொல்லி முடித்தார்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகு சொல்ல வேண்டிய ஜெபங்களையும் சேர்த்திருப்பதுதான் இந்தப் பெட்டியின் தனிச்சிறப்பு என்பேன். "நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்" கர்த்தரை ஸ்தோத்திரிக்க வேண்டும் என்றே உபாகமம் 8:10 கட்டளையிடுகிறது; லூத்தரும் உணவுக்குப் பின் சொல்லத் தனி ஜெபம் கொடுத்து, அதில் "கூப்பிடுகிற காக்கைக்குஞ்சுகளுக்கும்" ஆகாரம் கொடுக்கிறவரைப் பாடும் 147ஆம் சங்கீதத்தைச் சேர்த்தார். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. பசியோடு சொல்லும் ஜெபத்தில் அவசரம் கலந்துவிடுகிறது. வயிறு நிறைந்த பின் சொல்வதில் நன்றி மட்டுமே மிஞ்சுகிறது. இப்போது கைகழுவ எழுவதற்கு முன் ஓர் அரை நிமிடம் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்.

குறுஞ்ஜெபங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை. "இந்த அற்புதமான உணவு நேரத்திற்காக உமக்கு நன்றி கூறுகிறோம்" என்று எந்தத் தமிழ் வீட்டில் ஜெபிப்பார்கள்? வேறு மொழியில் எழுதி மாற்றிய வாடை பல அட்டைகளில் அடிக்கிறது. ஓர் அட்டை "அன்றாட அப்பத்தை" கேட்கிறது. படமும் கோதுமைக் கதிரும் ரொட்டியும்தான். நம் வேதாகமமோ கர்த்தருடைய ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று தெளிவாகச் சொல்கிறது. சோறு உண்ணும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லிலேயே தன் தட்டு தெரியும். அதை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்விகள் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகின்றன. "இந்த உணவு உங்கள் தட்டுக்கு வர உழைத்த ஒருவரை நினைத்து ஜெபியுங்கள்" என்ற அட்டை ஏப்ரல் கடைசியில் எங்கள் முறைக்கு வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், தரங்கம்பாடியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா பத்து நாளாக வரவில்லை. கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்துக்கொண்டே என் மகன், "மீன்கார அக்கா வீட்டில் இன்றைக்குச் சாப்பாடு இருக்கட்டும், ஆண்டவரே" என்றான். அவனாகவே சொற்களைத் தேடி ஜெபித்ததை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

ஆகவே, அட்டையில் உள்ளதை அப்படியே வாசித்து ஆமென் சொல்லும் வீட்டில் இது பழைய மனப்பாடத்துக்குப் பதில் புதிய மனப்பாடமாகவே நின்றுவிடும். நாங்கள் இரண்டாம் வாரத்திலிருந்து வசனத்தையும் கேள்வியையும் மட்டும் வாசித்து, ஜெபத்தை அன்று சமைத்ததையும் சமைத்தவரையும் குறித்து எங்கள் வாய்ப்பேச்சிலேயே செய்கிறோம்.

தயாரிப்பில் கவனம் போதாது. எழுத்து மிகச் சிறியது; இரவு விளக்கொளியில் மாமியாரால் வாசிக்க இயலவில்லை. அட்டைகளுக்கு மேலுறை இல்லாததால் மஞ்சள் கறை படிந்தால் போவதில்லை. ஏழெட்டு அட்டைகள் ஏற்கெனவே கறைபட்டுவிட்டன. தாங்கி மட்டும் உறுதியானது.

தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு, இக்குறைகளோடும், இதைப் பரிந்துரைக்கிறேன். பெட்டியின் அடியில் நான்கு வெற்று அட்டைகள் இருக்கின்றன, அவற்றைத் தவறவிடாதீர்கள். மாமியார் வழக்கமாகச் சொல்லும் "படியளக்கிற ஆண்டவரே, இல்லாத வீட்டுக்கும் அளந்து போடும்" என்ற ஜெபத்தை என் மகள் அவற்றில் ஒன்றில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். அடுத்த பதிப்பில் நான்குக்குப் பதிலாகப் பன்னிரண்டு வெற்று அட்டைகளாவது வைக்கும்படி வெளியீட்டாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.