கடைசி 200 மெகாஹெர்ட்ஸ்

கணினியின் மூளையான ப்ராசஸர் சிப்களில் ஒன்று, இன்டெல் ஐ5-2500கே. சந்தைக்கு வந்தது 2011 ஜனவரியில். அடுத்த ஆண்டு வாங்கினேன். வீடியோ என்கோடிங் வேலைக்கு இன்றும் அதுதான். அடிப்படை வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையர் (100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) பூட்டப்படாத சிப், அதனால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) 44 என்று போட்டதுமே 4.4 வந்துவிட்டது. வோல்டேஜை ஆட்டோவில் விட்டால் மதர்போர்டு 1.36 வோல்ட் வரை அள்ளிக் கொடுத்தது. ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்த்தேன், 1.25 போதும்.

அதோடு விட்டிருக்கலாம். 4.5 கேட்டது 1.30. 4.6 கேட்டது 1.38! சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். கணக்குப் போட்டால், 4.4இலிருந்து 4.6க்குப் போகும் நாலரை சதவீத வேகத்துக்கு ஏறத்தாழ 27 சதவீதம் கூடுதல் மின்சாரம். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

இன்னொரு தப்பும் செய்தேன். வேலை ஏறும்போது வோல்டேஜ் லேசாக இறங்கும். அதைக் குறை என்று நினைத்து, அந்த இறக்கத்தை ஈடுகட்டும் லோட்-லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்தேன். அந்த இறக்கம் வேண்டுமென்றே வைத்தது. வேலை சட்டென்று நின்றதும் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும், அதற்கான இடம் அது. நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் கண்காணிப்பு மென்பொருளில் இந்த எகிறல் தெரியவே தெரியாது.

இரண்டு ஆண்டுகள் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் என்கோடிங் நடுவே கணினி முடங்கி நீலத்திரை. முதலில் ரேம் மீது சந்தேகம். இரவு முழுக்கச் சோதித்தேன், ஒரு பிழையும் இல்லை. பவர் சப்ளையை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் வோல்டேஜை 1.40 ஆக்கினேன், அடங்கியது. நான்கு மாதம் கழித்து அதே நீலத்திரை. அப்போதுதான் உறைத்தது: உயர்ந்த வோல்டேஜும் சூடும் சேர்ந்து டிரான்சிஸ்டர்களைத் தேய்க்கின்றன, தேயத் தேய அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். கொடுத்தால் தேய்மானமும் கூடும்.

சரி என்று 4.4க்கே திரும்பினேன். பழைய 1.25இல் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளைச் சிப் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, இப்போது 1.29 வேண்டியிருக்கிறது. நிலையான வோல்டேஜை விட்டு, வேகத்துக்கேற்ப வோல்டேஜ் ஏறி இறங்கும் ஆஃப்செட் முறைக்கு மாறினேன். சும்மா இருக்கும்போது சிப் 1.6 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறங்க, வோல்டேஜும் கூடவே இறங்குகிறது. லோட்-லைன் நடுத்தரத்தில். விசிறிச் சத்தம் பாதியாகிவிட்டது. முன்பு ஒரு மணி நேரம் பிடித்த வீடியோ இப்போது மூன்று நிமிடம் கூடுதலாக எடுக்கிறது.

பழைய பவர் சப்ளை அலமாரியில் கிடக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.