வெளிவராத போனுக்கு முன்பணம் கட்டாதீர்கள்: என் 7,000 ரூபாய் இப்படித்தான் போனது

கோபத்தில்தான் எழுதுகிறேன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கே வராத ஒரு போனுக்கு, "புக்கிங் ஆரம்பிச்சாச்சு, இப்பவே கட்டினா முதல் லாட்ல உங்களுக்கு" என்று உங்கள் தெருமுனை செல்போன் கடைக்காரர் சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எனக்கும் என் தங்கச்சிக்கும் சேர்த்து 7,000 ரூபாய் போயிருக்கிறது. கொடுத்தது 2021 ஜூலையில். இப்போது நவம்பர், தீபாவளியும் முடிந்துவிட்டது. போனும் இல்லை, பணமும் இல்லை, கேட்டால் மரியாதையும் இல்லை.

அந்தப் போன் ஜியோபோன் நெக்ஸ்ட், ஜியோ கம்பெனியின் ஸ்மார்ட்போன், தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஜூன் 24-ஆம் தேதி ரிலையன்ஸ் ஆண்டுக் கூட்டத்தில் முகேஷ் அம்பானி அறிவித்தார். கூகுளோடு சேர்ந்து செய்தது, விலை ரொம்பக் குறைவாக இருக்கும், திரையில் இருக்கும் எழுத்தை வாசித்துக் காட்டும், மொழிபெயர்த்தும் கொடுக்கும், செப்டம்பர் 10 விநாயகர் சதுர்த்தி அன்று வரும் என்றெல்லாம் சொன்னார்கள். விலை எவ்வளவு என்று மட்டும் அன்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு நிலைமை என்னவென்றால், ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதையும் வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் ஆறாவது. வாட்ஸ்அப்பில் பாடம் வரும், ராத்திரி அவர் வந்த பிறகு இரண்டு பேரும் அந்தப் போனுக்கு அடித்துக்கொள்வார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பார்க்கலாம்தான், ஆனால் டீச்சர் கேட்கும் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்பப் போன் வேண்டுமே. தங்கச்சி வீட்டிலும் இதே கதை. அந்த அவசரத்தைத்தான் கடைக்காரன் பிடித்துக்கொண்டான்.

கடையைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் போட மாட்டேன். அம்பத்தூர் பக்கம், ரீசார்ஜ், சிம், கவர், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் போடும் கடை, வெளியே நெட்வொர்க் கம்பெனி போர்டு பெரிதாக மாட்டியிருக்கும். நேற்று வந்த கடை இல்லை. எங்கள் வீட்டு ரீசார்ஜ் முழுக்க அங்கேதான். கையில் காசு இல்லாத மாதக் கடைசியில்கூட "நாளைக்குக் கொடுங்கக்கா" என்று ரீசார்ஜ் போட்டு விட்டவன் அவன். ஊரடங்கு நேரத்தில் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து எங்களுக்கு சார்ஜர் எடுத்துக் கொடுத்தவன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஏமாற்றுகிறவன் ஏதோ தெரியாத நம்பரிலிருந்து இந்தியில் பேசுவான் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என்னை ஏமாற்றியவன் என் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவன்.

ஜூலையில் ரீசார்ஜ் போடப் போனபோது அவனே பேச்சை எடுத்தான். "அக்கா, பாப்பாவுக்குப் போன் கேட்டீங்களே, நெக்ஸ்ட் வருது, விலை 3,499, நம்ம ஏரியாவுக்கு ஐம்பது பீஸ்தான் ஒதுக்கியிருக்காங்க, முழுப் பணம் கட்டினவங்களுக்குத்தான் முதல்ல" என்றான். நான் யோசித்தேன். உடனே ஒன்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்: "2017-ல அத்தைக்கு பட்டன் போன் எடுத்தீங்களே, அப்பவும் முன்னாடியே 500 கட்டித்தானே எடுத்தீங்க, வந்துச்சா இல்லையா?" வந்ததுதான். அந்த வருடம் ஆகஸ்டில் முதல் ஜியோபோனுக்கு அப்படித்தான் பதிவு நடந்தது. முதலில் 500, போன் கையில் வாங்கும்போது 1,000, மொத்தம் 1,500 டெபாசிட். என் மாமியார் பெயரில் அதே கடையில்தான் கட்டினோம், கொஞ்சம் தாமதமானாலும் போன் வந்தது. நாடு முழுக்க உண்மையாக நடந்த ஒன்றைக் காட்டி, இல்லாத ஒன்றுக்குப் பணம் கேட்டிருக்கிறான்.

மறுநாள் தங்கச்சியிடமும் வாங்கிக்கொண்டு போய், ஒன்றுக்கு 3,500 வீதம் 7,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு பேருடைய ஆதார் ஜெராக்ஸும் வாங்கிக்கொண்டான். நீளமான நோட்டில் பெயர், நம்பர் எல்லாம் எழுதினான், எனக்கு முன்னால் எழுதியவர்கள் பெயரும் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருந்தது. ஒரு சின்னச் சீட்டில் "நெக்ஸ்ட் 2 பீஸ், அட்வான்ஸ் 7000" என்று பேனாவில் எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுத்தான். பில் கேட்டதற்கு, "போன் வந்தாதான்க்கா அந்தப் போனோட தனி நம்பர், ஐஎம்இஐ, போட்டு பில் வரும், இது புக்கிங் சீட்டு" என்றான். பிள்ளையார் சதுர்த்தி அன்று கையில் இருக்கும் என்றும் சொன்னான்.

செப்டம்பர் 10 வந்தது. போன் வரவில்லை. அதற்கு முந்தின ராத்திரிதான் கம்பெனியே அறிக்கை விட்டிருந்தது, உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு, தீபாவளி சமயத்தில்தான் வரும் என்று. இது உண்மை. இந்த வருடம் சிப் கிடைக்காமல் கார் கம்பெனிகளே வண்டி தயாரிப்பைக் குறைத்துக்கொண்டிருந்தன. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாமதம் உண்மையாக இருந்ததால்தான் இவன் பொய் இரண்டு மாதம் கூடுதலாகத் தாங்கியது. ஒவ்வொரு தடவை போகும்போதும் செய்தியைத் தன் போனில் எடுத்துக் காட்டுவான், "பாருங்கக்கா, அம்பானிக்கே சிப் கிடைக்கல, நான் என்ன பண்ணுவேன்" என்பான். போன் தாமதமாவது ஒரு விஷயம், என் பணம் அவன் கையில் இருப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசியே நாளை ஓட்டினான்.

செப்டம்பரில் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பெரியவளுக்கு நோட்டு, யூனிஃபார்ம், பஸ் என்று செலவு. சரி, போன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு தம்பி என்று கேட்டேன். "கம்பெனிக்குக் கட்டியாச்சுக்கா, சிஸ்டத்துல லாக் ஆகியிருக்கு, கேன்சல் பண்ணினா உங்க சீனியாரிட்டி போயிடும்" என்றான். சிஸ்டத்தைக் காட்டு என்றதற்கு சர்வர் டவுன். ஆயுத பூஜை சமயத்தில் போனால் கடையில் வேலை செய்யும் பையன் மட்டும் நிற்கிறான், அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார் என்கிறான். அண்ணன் கூப்பிடவே இல்லை. நான் போன் செய்தால் எடுப்பதில்லை, என் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து அடித்தால் எடுத்து, என் குரல் கேட்டதும் "அக்கா, கஸ்டமர் இருக்காங்க" என்று வைத்துவிடுவான். அப்போது நான் யார்? நான் கஸ்டமர் இல்லையா?

அக்டோபர் 29 அன்று விலை அறிவித்தார்கள். 6,499 ரூபாய். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் 1,999 கட்டிவிட்டு, பிராசசிங் கட்டணம் 501 சேர்த்து, மீதியை 18 மாதமோ 24 மாதமோ தவணையில் கட்டலாம் என்றார்கள். மறுநாளே கடைக்குப் போனோம். கொஞ்சமாவது வெட்கப்படுவான் என்று நினைத்தேன். "விலை ஏறிடுச்சுக்கா, நான் என்ன பண்றது, ஒரு பீஸுக்கு இன்னும் 3,000 கொடுத்துட்டா எடுத்துக் கொடுத்துடறேன்" என்று, இன்னும் 6,000 கேட்கிறான்! விலை எங்கே ஏறியது? அன்றுதான் முதல் முறையாக விலையே சொல்கிறார்கள். 3,499 என்பது செய்திகளில் அடிபட்ட ஊகம், கம்பெனி ஒரு நாளும் சொன்னதில்லை. கம்பெனியே சொல்லாத விலைக்குக் கம்பெனி பெயரில் இவன் ஜூலையில் பணம் வாங்கியிருக்கிறான்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். என் 7,000 ரூபாய் என் கையில் இருந்திருந்தால், தீபாவளிக்கு 6,499 கொடுத்து ஒரு போனை முழுசாக வாங்கியிருக்கலாம். அல்லது 1,999-உம் 501-உம் சேர்ந்து ஒரு போனுக்கு 2,500, தவணையில் இரண்டு போனுக்கு 5,000 கட்டி எங்கள் இரண்டு வீட்டுக்கும் எடுத்துவிட்டு, 2,000 ரூபாயில் பிள்ளைகளுக்குத் துணியும் எடுத்திருக்கலாம். நான்கு மாதமாக என் தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவள் வீட்டுக்காரர் கேட்கிறார்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போனோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டு, இரண்டு நம்பரையும் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல எந்தப் பதிவும் இல்லம்மா" என்றாள். பதிவு செய்ய வாட்ஸ்அப்பில் அவர்கள் நம்பருக்கு ஹாய் அனுப்பினால் போதுமாம், அல்லது அவர்கள் இணையதளத்தில் செய்யலாமாம், அதற்குப் பணமே கிடையாதாம், தகவல் வந்த பிறகு கடைக்குப் போய் வாங்கும்போதுதான் பணமாம். சீட்டைக் காட்டினேன். அதில் கம்பெனி பெயரே இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் அதை அவன் எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறான் என்று புரிந்தது. "நெக்ஸ்ட்" என்று மட்டும் இருக்கிறது. எந்தக் கம்பெனி, என்ன விலை, என்று தருவான், எதுவும் இல்லை. தேதிகூடப் போடவில்லை.

நவம்பர் 7-ஆம் தேதி சென்னையில் கொட்டிய மழையைச் சாக்கு வைத்துக் கடையை மூடி வைத்தான். தண்ணீர் வடிந்த பிறகும் ஷட்டர் இறங்கியே கிடந்தது. ஒரு சாயங்காலம் திறந்திருப்பதாகப் பக்கத்து டீக்கடை அண்ணன் சொல்லி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். அன்று அவன் பேசியதுதான் இந்தப் பதிவையே எழுத வைத்தது. "காசெல்லாம் ஸ்டாக்ல போட்டாச்சுக்கா. வேணும்னா மாசா மாசம் ரீசார்ஜ் போட்டுக் கழிச்சுக்கோங்க. இல்லேன்னா இந்த ஹெட்செட், பவர் பேங்க் ஏதாவது எடுத்துக்கோங்க" என்று கண்ணாடி அலமாரியைக் காட்டுகிறான். அவன் 1,500 ரூபாய் விலை சொன்ன பவர் பேங்க்கில் கம்பெனி பெயர்கூட இல்லை. கம்பெனிக்குக் கட்டியாச்சு, சிஸ்டத்தில் லாக் ஆகிவிட்டது என்று இத்தனை நாள் சொன்னது என்ன ஆனது? என் வீட்டுக்காரர் சத்தம் போட்டதும், "என்ன ப்ரூஃப் இருக்கு? எங்க வேணா போய்ச் சொல்லிக்கோங்க" என்றான். அக்கா என்ற வார்த்தையும் அத்தோடு போனது.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். முதலில் இது பணம் கொடுக்கல் வாங்கல், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். நகராமல் நின்று, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரனைக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

எங்கள் தெருவில் விசாரித்தால் நான் மட்டும் இல்லை. பூக்கட்டும் அம்மா ஒருவர் பேரனுக்காகக் கொடுத்திருக்கிறார், கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பையன் தன் அம்மாவுக்காகக் கொடுத்திருக்கிறான். அந்த நோட்டில் இருந்த பெயர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எல்லாமே 3,500 ரூபாய்க்காக வக்கீல் வைத்து அலைய முடியாதவர்கள். அது தெரிந்துதான் வாங்கியிருக்கிறான். இது புதிதும் இல்லை, 2016-ல் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று நொய்டாவிலிருந்து ஒரு கம்பெனி புக்கிங் ஆரம்பித்து நாடே முண்டியடித்ததே, அதன் பிறகும் இல்லாத போனைக் காட்டிப் பணம் வாங்குவது நிற்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். போன் கண்ணில் படாமல் பணம் கொடுக்காதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் கம்பெனி ஆப்பிலோ ஷோரூமிலோ கட்டுங்கள், உங்கள் நம்பருக்குக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்த பிறகு கடையை விட்டு நகருங்கள். கையில் எண்ணிக் கொடுக்காமல் ஜிபேயில் போடுங்கள், தேதியோடு பதிவு இருக்கும். ஆதார் ஜெராக்ஸ் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எங்கள் ஜெராக்ஸ் இரண்டும் இன்னும் அவனிடம்தான் இருக்கின்றன. "தாமதம் ஆகுது" என்று முதல் தடவை சொன்ன அன்றே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், சீனியாரிட்டி என்று எதுவும் கிடையாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று ஷோரூமில் பார்த்த ஒரு பெரியவர் சொல்லி, விசாரித்தும் பார்த்துவிட்டேன். நானும் தங்கச்சியும் கொடுக்கப் போகிறோம். அம்பத்தூர் பக்கம் இதே மாதிரி நெக்ஸ்ட் சீட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம். ரீசார்ஜ் போட்டுக் கழித்துக்கொள்ளச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 7,000 ரூபாயும் ரொக்கமாகக் கொடுத்தது, ரொக்கமாகவே திரும்ப வேண்டும்.