அபராதம் கட்ட இயலாதவர்: சிறையா, தவணையா, உழைப்பா?

குற்ற வழக்குத் தீர்ப்புகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே வாசகத்தில்தான் முடிகின்றன: அபராதத்தைக் கட்டத் தவறினால் மேலும் இத்தனை மாதம் மெய்க்காவல் தண்டனை. கையில் பணம் இருந்தும் கட்ட மறுப்பவரையும், விற்பதற்குக்கூட வீட்டில் ஒன்றுமில்லாதவரையும் ‘தவறினால்’ என்ற அந்த ஒரே சொல் சேர்த்துப் பிடிக்கிறது. முதலாமவரைச் சிறைக்கு அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாமவருக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

இப்போதைய நடைமுறையிலிருந்து தொடங்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் ஏற்பாட்டைப் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமானால், அபராதம் கட்டாததற்கான காவல் அக்குற்றத்தின் உச்சச் சிறைக்காலத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. திருட்டுக்கு உச்சம் 3 ஆண்டு என்பதால் இது 9 மாதம் வரை போகலாம். அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றங்களில் ரூ.5,000 வரை 2 மாதம், ரூ.10,000 வரை 4 மாதம், அதற்கு மேல் ஓராண்டு வரை என்பது அளவு. பழைய சட்டத்தில் இந்தக் கடைசி வரம்பு 6 மாதமாக இருந்தது. சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 4 மாதச் சிறை. முதல் மாதம் முடிவதற்குள் 750 ரூபாய் கட்டினால் அம்மாதம் முடிந்ததும் விடுதலை. ஒரு மனிதனின் ஒரு மாதத்திற்கு இங்கே 250 ரூபாய் விலை. கூலி வேலைக்குப் போகிறவர் வெளியே இருந்தால் ஒரே நாளில் ஈட்டிவிடக்கூடிய தொகையை, ஈட்ட வழியில்லாத இடத்தில் அவரை அடைத்துவைத்துக்கொண்டு கேட்கிறோம்.

இந்தக் காவல் தண்டனையே அல்ல, பணம் கட்டாததால் வந்துசேரும் விளைவு மட்டுமே என்று 2007இல் சாந்திலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குற்றத்தின் தன்மையோடு குற்றவாளியின் நிலையையும் கருதியே அதன் காலத்தை முடிவு செய்ய வேண்டும் என்று கூறி, ஒரு லட்சம் ரூபாய் அபராதத்திற்கு மாற்றாக விதிக்கப்பட்டிருந்த 3 ஆண்டை 6 மாதமாகக் குறைத்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் அதன் பயன் மேல்முறையீடு வரை போக முடிந்தவருக்கே கிட்டுகிறது.

தவணை முறைக்கும் நம் சட்டத்தில் இடம் உண்டு. அபராதம் மட்டும் விதிக்கப்பட்ட வழக்கில், 30 நாள் அவகாசமோ இரண்டு அல்லது மூன்று தவணைகளோ கொடுக்க நீதிமன்றத்தால் இயலும். தவணைகளுக்கு இடையே 30 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. ஆகவே ஏறத்தாழ மூன்று மாதத்திற்குள் முழுத்தொகையும் வந்தாக வேண்டும். வாரக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு இது போதாது. சிறையோடு சேர்த்து அபராதமும் விதிக்கப்பட்டவருக்கோ இந்த வழி திறப்பதே இல்லை. ஜப்தி மூலம் வசூலிப்பதும் சட்டத்தில் உள்ளதுதான்; எடுக்க ஒன்றுமில்லாத வீட்டில் அதனால் யாருக்கும் பயனில்லை.

வருமானத்திற்கேற்ற நாளபராதம் மூன்றாவது வழி. 1921இல் பின்லாந்து தொடங்கிய இம்முறையில் குற்றத்தின் கடுமை நாள்களின் எண்ணிக்கையையும், குற்றவாளியின் வருமானம் ஒரு நாளுக்குரிய தொகையையும் தீர்மானிக்கின்றன. கேட்பதற்கு இதைவிட நியாயமானது வேறில்லை. ஆயினும் 1975 முதல் இதைப் பின்பற்றிவரும் ஜெர்மனியிலும், பயணச்சீட்டு இல்லாமல் சென்றதற்கான அபராதத்தைக் கட்ட முடியாமல் சிறை செல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் தொகைக்கு ஒரு நாள் சிறை என்றிருந்ததை, 2024 பிப்ரவரி 1 முதல் இரண்டு நாள் தொகைக்கு ஒரு நாள் என்று அங்கே பாதியாகக் குறைத்தார்கள். தொகையைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டால் மட்டும் சிக்கல் தீராது என்பதற்கு இதுவே சான்று. வருமானத்திற்குச் சீட்டோ கணக்கோ இல்லாத நம் தொழிலாளர்களிடையே அந்தக் கணக்கீடும் எளிதல்ல.

உழைத்துக் கழிக்கும் வாய்ப்பு ஜெர்மனியில் உண்டு. இங்கே பாதிதான் வந்திருக்கிறது. புதிய சட்டம் சமூக சேவையைத் தண்டனையாக ஏற்றிருந்தாலும் அது ஆறு குற்றங்களுக்கே பொருந்தும். அபராதம் கட்ட இயலாதவர் அதற்கு ஈடாகச் சேவை செய்யலாம் என்று எங்கும் சொல்லவில்லை. சேவையைச் செய்யத் தவறினாலும் சிறை என்றே 8ஆம் பிரிவு கூறுகிறது. எனக்கு இதுவே பெரிய குறையாகத் தோன்றுகிறது.

அரசே கட்டுவது இன்னொரு வழி. 2023இல் ஒன்றிய உள்துறை கொண்டுவந்த ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டத்தில், தண்டனை பெற்றவரின் அபராதத்திற்காக ரூ.25,000 வரை வழங்கலாம். சிறைக் கண்காணிப்பாளர் தகவல் தர, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவருடைய பொருளாதார நிலையை விசாரிக்க, மாவட்டக் குழு ஒப்புதல் தந்தபின் பணம் நீதிமன்றத்தில் செலுத்தப்படும். உள்ளே இருப்பவருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த விசாரணை அவர் உள்ளே போன பிறகே தொடங்குகிறது.

அதே விசாரணையை முன்னால் கொண்டுவரச் சொன்னது 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய பேர்டன் வழக்குத் தீர்ப்பு. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பேர்டன் 500 டாலர் அபராதமும் 250 டாலர் ஈட்டுத்தொகையும் கட்ட வேண்டியிருந்தது. முதல் 200 டாலரைக் குடும்பத்தார் கடன் வாங்கிக் கட்டினர். பிறகு அவருக்கு வேலை போய்விட்டது. கட்டாததற்குக் காரணம் என்ன என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக்கூடாது, உண்மையாக முயன்றும் இயலவில்லையென்றால் முதலில் மாற்று வழிகளைப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்நாட்டிலேயே பெர்குசன் நகர நீதிமன்றம் இதைக் காற்றில் பறக்கவிட்டதை, அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை வெளிக்காட்டியது.

இவற்றுள் நான் தேர்வது பேர்டன் தீர்ப்பின் கேள்வியையும் ஜெர்மனியின் உழைப்பு வழியையும் சேர்த்துத்தான். தண்டனை அறிவிக்கும் முன், ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா என்று குற்றவாளியிடம் நீதிபதி கேட்கும் கட்டம் பல வழக்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. நாளுக்கு எவ்வளவு வருமானம், வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற மூன்று கேள்விகளை அங்கேயே கேட்டுப் பதில்களைத் தீர்ப்பில் எழுதிவைத்தால், தவணையின் அளவும் சேவையின் நாள்களும் அவற்றிலிருந்தே கிடைக்கும். கட்ட முடிந்தும் கட்ட மறுப்பவர் யார் என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.