சாலமாங்காவில் 12 வாரம், அப்புறம் கோத்தகிரியில் ஆறு வருஷம்

2019 செப்டம்பரில் ஸ்பெயினுக்குப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, 12 வாரம் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தேன். வந்த கையோடு எழுதியிருந்தால் பாதிக்கு மேல் ஊர்ப் பெருமையாகவே போயிருக்கும். ஆறு வருஷம் ஆகிவிட்டது. எது தங்கியது, எது கரைந்தது என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஸ்பானிஷ் கேட்கும் பிள்ளைகள் கூடியதும், அந்த வகுப்பும் என் தலையில் விழுந்தது. சென்னையில் விடுமுறைக்கால வகுப்பு, மிச்சம் இணையத்தில் என்று ஏ2 நிலைவரை (ஐரோப்பிய மொழி அளவுகோலின் ஆறு படிகளில் இரண்டாவது) தேறியிருந்தேன். பாடம் நடத்த அது போதும். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஒரு பையன் கேட்டுவிட்டால், கோத்தகிரிக் குளிரிலும் எனக்கு வியர்க்கும்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு, தங்குமிடம், சாப்பாடு, விமானம், விசா எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தொட்டது. பாதி சேமிப்பு, பாதி நகைக்கடன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம் என்பதால் 12 வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் என்றால் மாணவர் விசா எடுக்க வேண்டும்.

சாலமாங்காவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், மாணவர்கள் நிறைந்த ஊர், மாட்ரிட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். நடந்தே சுற்றிவிடலாம். மலைக்காரிக்குக் குளிர் பயமில்லை என்று ஜம்பமாகப் போனேன். நவம்பரில் அந்த வறண்ட குளிர் உதட்டை வெடிக்க வைத்தது. நம் ஊரில் குளிரும் ஈரமாகத்தானே இருக்கும்.

இனி வகுப்பு. காலையில் நாலு மணி நேரம், எட்டுப் பேர். ஆசிரியைகள் நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் ஜெர்மன்காரர், பிரேசில்காரி, ஜப்பான் பெண் என்று எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். எல்லோரிலும் நன்றாக ஆங்கிலம் பேசியது நான்தான். அதுவே எனக்கு வினையானது. முதல் நாலு வாரம் வெளிநாட்டில் இருந்துகொண்டு என் ஆங்கிலத்தைத்தான் பட்டை தீட்டினேன். அந்த மொழிப்பள்ளியின் விளம்பரத்தில் "முழு நேரமும் ஸ்பானிஷ்" என்று போட்டிருந்தது. பள்ளிக்குள் அதைக் கண்காணிக்க ஆளில்லை. கண்காணிக்கவும் முடியாது, சரி.

உண்மையான வகுப்பு சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது, ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. முதல் வாரம் பசியில் சுருண்டேன். நான் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்றதற்கு, "சரி" என்று தலையாட்டிவிட்டு, பன்றித் தொடை உப்புக்கண்டத்தைப் பொடியாக நறுக்கிப் போட்ட பயறு சூப்பை வைத்தார். அவர் கணக்கில் அது மாமிசம் இல்லை, வாசனைக்குப் போடுவது. அதைப் புரியவைக்க மூன்று நாள் ஆனது. என் ஸ்பானிஷ் முதன்முதலில் சரளமானது அந்த வாதத்தில்தான். அதன் பிறகு உருளைக்கிழங்கு ஆம்லெட், கொண்டைக்கடலை, அரிசிப் பாயசம் என்று நிம்மதி.

இன்னொரு முட்டுக்கட்டை மரியாதை. ஸ்பானிஷில் நமக்கிருக்கிற மாதிரியே "தூ" என்றால் நீ, "உஸ்தெத்" என்றால் நீங்கள். முதல் நாளே அவர் "தூ என்றே சொல்" என்றார். அந்த வயதுக்காரரை நீ என்று சொல்ல என் வாய் வரவில்லை. மூன்று வாரம் உஸ்தெத் போட்டேன். மரியாதை என்று நான் நினைத்தேன், ஒட்டாமல் விலகி நிற்கிறாள் என்று அவர் நினைத்தார். ஒரு ராத்திரி அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். சட்டென்று உறைத்தது. அம்மாவை நாம் நீ என்றுதானே சொல்கிறோம்! மறுநாள் காலையிலிருந்து தூ தடையில்லாமல் வந்தது.

இந்த அனுபவத்தில் நான் கண்டுபிடித்த ஒரே பெரிய விஷயமும் அதே வழியில் வந்ததுதான். அதுவரை நான் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகக் கற்றிருந்தேன், ஆங்கிலம் வழியாகக் கற்பித்தும் வந்தேன். "மே குஸ்தா" என்ற பிரயோகத்துக்குப் புத்தகத்தில் ஒரு பக்க விளக்கம் இருக்கும்: எழுவாய் இடம் மாறும், பொருள் தலைகீழாகும் என்றெல்லாம். தமிழில் அது "எனக்குப் பிடிக்கும்", அவ்வளவுதான். "மே துஏலே லா கபேத்தா" என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. "ஸே மே ஓல்விதோ" என்றால் எனக்கு மறந்துபோச்சு. மறந்தது என் குற்றமில்லை, அதுவாகப் போய்விட்டது என்ற அந்தச் சின்னத் தப்பித்தல்கூட இரண்டிலும் ஒன்றுதான். "வோய்" என்றாலே போகிறேன், தனியாக "நான்" வேண்டாம். வீடு முழுக்க இருந்ததை வாசலில் நின்று தேடியிருக்கிறேன்.

'இரு' என்றே பொருள்படும் ஸேர், எஸ்தார் என்ற இரண்டு வினைச்சொற்களில் எல்லோரும் திணறுவார்கள். "அவன் நல்லவன்", "அவன் நல்லா இருக்கான்" என்ற வித்தியாசத்தை வைத்தே முக்கால்வாசியைக் கடந்துவிடலாம். பழம் "எஸ்தா வேர்தே" என்றால் இன்னும் காயாக இருக்கிறது என்று அர்த்தம். வேர்தே என்பது பச்சை.

உச்சரிப்பில் இன்னும் வசதி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் ப, த, க சொல்லும்போது மூச்சு சேர்த்து ஊதுவார்கள், ஆசிரியை அதைத் திருத்திக்கொண்டே இருப்பார். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. "பேரோ" என்றால் ஆனால், "பேறோ" என்றால் நாய். பள்ளியில் ரகர றகரத்துக்கு நான் இழந்த மதிப்பெண்ணையெல்லாம் அங்கே வட்டியோடு வாங்கினேன்.

கடையில் காபி கேட்பதும் அப்படித்தான். ஆங்கிலப் பழக்கத்தில், "எனக்கு ஒரு காபி கிடைக்க வாய்ப்புண்டா, தயவுசெய்து" என்கிற மாதிரி நீட்டி மொழிபெயர்த்துக் கேட்பேன். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர் "போன்மே உன் கஃபே" என்பார். நம் பேக்கரியில் "அண்ணா, ஒரு காபி போடுங்க" என்பதற்கும் அதற்கும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

எல்லாம் பொருந்திவிடும் என்று சொல்லவில்லை. மேசை பெண்பால், அலமாரி ஆண்பால் என்பதற்குத் தமிழில் பிடிமானமே கிடையாது, மனப்பாடம்தான். (மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தவை, ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அதே சொற்கள். என் அப்பாயி 70களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் இருந்தவர். கடைசிவரை ஷூவைச் சப்பாத்து என்றுதான் சொன்னார். சாலமாங்காவில் செருப்புக் கடைப் பலகையில் அதன் உடன்பிறப்பைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.)

அந்தப் பன்றித் தொடை வாதம் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, எட்டாவது வாரம்வரை நான் ஏறக்குறைய ஊமை. ஆங்கிலத்தில் வாயாடி என்று பெயரெடுத்தவள் அந்த மேசையில், "ஆமாம், நன்றாக இருக்கிறது" என்பதைத் தாண்டவில்லை. எல்லாம் புரிகிறது, பதில் தயாராவதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. அப்போதுதான் கோத்தகிரியில் என் வகுப்பில் இருந்த ஒரு கொரியப் பையன் நினைவுக்கு வந்தான். மூன்று மாதம் வாயே திறக்கவில்லை என்று அவன் முன்னேற்ற அறிக்கையில் "ஈடுபாடு குறைவு" என்று எழுதியவள் நான். திரும்பி வந்த பிறகு அப்படி ஒரு வரி யாருக்கும் எழுதியதில்லை. புதுப் பிள்ளைகளை முதல் பருவத்தில் எழுப்பி நிற்கவைத்துப் பேசச் சொல்வதில்லை. ஐந்து லட்சத்தில் எது உருப்படி என்று கேட்டால் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

வேலை செய்யாதவையும் உண்டு. சாலமாங்காவில் பழகிய காது அந்தக் காஸ்டில் வட்டாரப் பேச்சுக்கு மட்டுமே பழகியது. 2022இல் டெலே என்ற ஸ்பானிஷ் தேர்ச்சித் தேர்வை பி2 நிலையில் (ஆறு படிகளில் நாலாவது) எழுதினேன். கேட்டலும் பேசுதலும் ஒரு தொகுதி. அதில் 50க்கு 30 வராவிட்டால் படித்தல், எழுதுதலில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. கேட்டல் பகுதியில் ஓர் அர்ஜென்டினாக் குரல் வந்து என்னைக் கவிழ்த்தது. சாவிக்கு நான் "யாவே" என்று பழகியிருக்க, புவேனஸ் ஐரஸ்காரர் "ஷாவே" என்பார். நம் சாவிக்கு அதுதான் நெருக்கம் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த முறை தோல்வி. சாலமாங்காப் பல்கலைக்கழக முகப்புச் சிற்பத்தில் ஒரு மண்டையோட்டின் மேல் தவளை உட்கார்ந்திருக்கும், தானாகக் கண்டுபிடிக்கிற மாணவர் தேர்வில் தேறுவார் என்பார்கள். எனக்கு அந்த வீட்டம்மாதான் விரலை நீட்டிக் காட்டினார். பழியை அங்கே போட்டுவிட்டேன். ஒரு வருஷம் லத்தீன் அமெரிக்க வானொலியாகக் கேட்டுவிட்டு, 2023இல் தேறினேன். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. என் ஸ்பானிஷுக்கு அந்தச் சலுகை இல்லை.

இங்கே பேச ஆளில்லை, அதுதான் குறை. சின்ன வயதில் பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நின்று நின்றே படுகு மொழி கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை, இன்றுவரை மறக்கவும் இல்லை. தினமும் காதில் விழுகிறது. ஸ்பானிஷுக்கு அப்படி ஒரு பஸ் ஸ்டாப் கோத்தகிரியில் கிடையாது. உச்சரிப்பு தங்கியிருக்கிறது, இலக்கணம் தங்கியிருக்கிறது. சமையலறைச் சொற்கள், திட்டுகள், நக்கல் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

போகிறவர்களுக்கு: ஏ2 முடிக்காமல் போகாதீர்கள், அங்கே போய் எண்ணும் கிழமையும் படிப்பது காசுக்குக் கேடு. குழு வகுப்பைக் குறைத்து, தங்கும் வீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஆள் உண்டா என்று முன்பே கேளுங்கள், உண்டு என்றால் வேறு வீடு பாருங்கள். நோட்டில் அர்த்தத்தைத் தமிழில் எழுதுங்கள்.

அந்த அம்மாவும் நானும் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் குரல்பதிவு அனுப்பிக்கொள்கிறோம். போன மாதம் இங்கே மழையில் பாதை அடைத்தது பற்றி நீளமாகச் சொல்லி அனுப்பினேன். பதிலில் பாதையைப் பற்றிக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, "என்ன, இப்போதெல்லாம் புத்தகம் மாதிரி பேசுகிறாய்?" என்றார். வருகிற மே மாதம் நாலு வாரம் போவதற்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வகுப்பு வேண்டாம், அந்த மேசை மட்டும் போதும்.