சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐயா, ஆப்டிகலா?

போன தீபாவளிக்கு கோலாலம்பூர் செந்தூலில் அம்மா வீட்டுக்குப் புது டிவியும், அதன் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கரான ஒரு சவுண்ட்பாரும் வாங்கினோம். ஒயர் வாங்க புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் நுழைந்தேன். "8கே கேபிள் அண்ணே, தங்க முலாம், படம் பளிச்சுன்னு இருக்கும்" என்று படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் இரண்டு மீட்டர் எச்டிஎம்ஐ ஒன்றை 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) என் தலையில் கட்டப் பார்த்தான் அந்தப் பையன். அம்மா பார்ப்பதோ ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவியில் சாயங்கால சீரியல்.

எச்டிஎம்ஐயில் ஓடுவது வெறும் எண்கள். ஒழுங்காக வந்து சேர்ந்தால் 20 வெள்ளி கேபிளிலும் அதே படம்தான், 180 வெள்ளி கேபிளிலும் அதே படம்தான். சேராவிட்டால் திரையில் வெள்ளைப் பொட்டு மின்னும், சத்தம் விட்டு விட்டு வரும், இல்லையென்றால் மொத்தமாகக் கறுத்துவிடும். நிறம் லேசாக மங்குவது, முகத்தில் நிழலடிப்பது எல்லாம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் காலத்து வியாதி. (அந்த ஒயருக்கும் இன்னும் வேலை இருக்கிறது. 2019இல் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய பிறகு, இலவச டிஜிட்டல் சேனலுக்கான மைடிவி டிகோடரைப் பழைய குண்டு டிவியில் மாட்டியவர்களுக்கு அதுதானே கதி.)

"2.1 கேபிள்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். 2.0, 2.1 என்பது கருவிகளுக்கான எண். கேபிளுக்கு வேகத்தை வைத்துத்தான் பெயர். பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் நொடிக்கு 18 கிகாபிட், 4கே படத்தை நொடிக்கு 60 தடவை (60 ஹெர்ட்ஸ்) காட்ட அது தாராளம். அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48. பிஎஸ்5 வைத்து 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதை வாங்குங்கள். இரண்டிலும் பெட்டியில் ஸ்கேன் செய்து பார்க்கிற முத்திரை ஒட்டியிருக்க வேண்டும்.

உண்மையான போட்டி டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவில்தான். ஒரு பக்கம் எச்டிஎம்ஐயின் ஆர்க், அதாவது டிவியின் சத்தத்தை அதே எச்டிஎம்ஐ ஒயரில் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் வசதி; இன்னொரு பக்கம் ஆப்டிகல் ஒயர்.

ஆப்டிகல் வயதில் மூத்தது, 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. செம்புக்குப் பதிலாக உள்ளே வெளிச்சம் போகிறது. சாதா ஸ்டீரியோ போகும், சுருக்கிய 5.1 டால்பியும் (சுற்றி ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கு ஒன்று) போகும், அதோடு சரி, மேலிருந்தும் சத்தம் வருவது போலக் கேட்கவைக்கும் அட்மாஸ் போகாது. இதைவிடப் பெரிய குறை ரிமோட்தான். டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சவுண்ட்பார் கண்டுகொள்ளாது. ஆஸ்ட்ரோவுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று என்று மூன்று ரிமோட்டை அம்மா கையில் கொடுத்தால் மூன்றாம் நாள் சவுண்ட்பார் தூங்கிவிடும், டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதும் என்று சொல்லிவிடுவார்.

ஆர்க் 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. டிவியில் இருக்கும் மூன்று நான்கு போர்ட்டில் ஒன்றில் மட்டும் ஆர்க் என்று எழுதியிருக்கும், அதில்தான் செருக வேண்டும். பிறகு மெனுவில் சிஇசி என்கிற, கருவிகள் ஒன்றையொன்று ஆள விடும் வசதியையும் திறந்துவிட வேண்டும். அதற்கு சாம்சங் வைத்த பெயர் அனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், ஏதோ தனித்தனி சமாச்சாரம் போல. திறந்துவிட்டால் டிவி ரிமோட்டே சவுண்ட்பாரையும் ஆளும். டிவியும் பாரும் ஒத்துழைத்தால் நெட்ஃபிளிக்ஸ் தரும் அட்மாஸும் வரும். புளூ-ரே தட்டில் இருக்கும் சுருக்கிக் கெடுக்காத அட்மாஸ் வேண்டும் என்றால்தான் ஆர்க்கின் புதிய வடிவமான இ-ஆர்க் தேவை. ஆர்க்கில் ஒரு எரிச்சல் உண்டு: சில நாள் டிவியும் பாரும் பேசிக்கொள்ளாமல் சத்தம் டிவியிலேயே நின்றுவிடும், இரண்டையும் சுவரில் இருந்து கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்ட வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் வீட்டில் ஆப்டிகல்தான் வைத்திருக்கிறேன். காரணம் இரண்டு. என் பழைய ஆம்ப்ளிஃபையரில் டிவியின் எச்டிஎம்ஐயைச் செருகினால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். செம்பு வழியாக இரண்டு கருவிகளும் ஒட்டிக்கொள்வதால் வருவது அது. ஆப்டிகலில் மின்சாரமே போகாததால் முனகலும் போனது. இன்னொன்று நம் ஊர் சாயங்கால இடி. கெப்போங்கில் சித்தப்பா வீட்டில் ஒரே மின்னலில் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டும் ஆம்பும் சேர்ந்து போயின. ஆப்டிகல் இருந்திருந்தால் ஆம்ப் பிழைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், கரண்ட் வழியாகவும் இடி வரும்; ஆனால் ஒரு வழியாவது அடைபட்டிருக்கும். ஆப்டிகலை முதல்முறை மாட்டும்போது அரை மணி நேரம் சத்தமே வராமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். முனையில் இருந்த குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவில்லை. உங்களுக்கும் அது நடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குப் பின்னால் மடித்து நசுக்கவும் கூடாது.

புரொஜெக்டருக்குப் பத்து மீட்டர் இழுக்கிறவர்களுக்குச் சாதா எச்டிஎம்ஐ பெரும்பாலும் தாங்காது, உள்ளே ஃபைபர் வைத்த எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. எந்த முனை டிகோடருக்கு, எந்த முனை திரைக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் ஒன்றும் வராது. சுவருக்குள் புதைப்பதற்கு முன்னால் தரையில் விரித்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரை ஜாலான் பாசாரில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம்.

அம்மா வீட்டுக்கு 25 வெள்ளிக்கு ஒரு எச்டிஎம்ஐ வாங்கி ஆர்க்கில் மாட்டினேன். சவுண்ட்பாரின் ரிமோட்டை பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் சாமி மேடை டிராயரில் வைத்திருக்கிறார்.